மேட்டுத் தெருவில் புகார் இல்லை

வாத்தியார் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசை முழுக்கச் செருப்புப் பெட்டிகள். இடது கைக் கட்டைவிரலில் மருந்துத் துணி சுற்றியிருந்தது, ஏற்கெனவே ஒரு தடவை விரலையும் வெட்டிக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். வலது கையில் துணி வெட்டும் பெரிய கத்தரி. சுவரும் கூரையுமாக ஒரே துண்டில் வெட்டி, நடுவில் மடித்து, விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன வீடுகள் செய்து வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அது துணி வெட்டற கத்தரிங்க! அட்டையை வெட்டினா மொக்கையாயிடும்!" என்று அறையின் மறுபக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆயிடுச்சு, இனிமே சொல்லி என்ன பிரயோஜனம்" என்றார் வாத்தியார்.

குரலுக்குச் சொந்தக்காரர் அவர் மனைவி. வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். திரைச்சீலை மாட்ட முக்காலியில் ஏறி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் போயிருந்தேன். நோயாளிகளைப் பராமரிக்க முறையாகப் பயிற்சி எடுத்தவள் நான். எலும்பு முறிந்தவர்களைக் குளிப்பாட்டுவது, புரட்டுவது, நடக்க வைப்பது என் வேலை. வீட்டுக்காரர் அட்டையை வெட்டுகிறாரா, ஆகாயத்தை வெட்டுகிறாரா என்பது என் கணக்கில் வராது. ஆனால் கால் கூடும்வரை தினமும் அந்த வீட்டில் இருந்ததால் இந்த மனிதரை நன்றாகவே பார்த்தேன். குழப்பத்தைக் கூட நேர்மையாகச் செய்கிற ஆள் அவர். அதனால்தான் எழுதுகிறேன்.

பொறியியல் கல்லூரியில் ஆசிரியர். ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோவது அவர் பாடம். ஆற்றிலிருந்து இறைப்பது, தொட்டியில் ஏற்றுவது, குழாயில் விடுவது. மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'வால்வு'. அது அவருக்குத் தெரியும். "நல்ல பேருதான்க்கா. இதுக்கு முன்னாடி இருந்தவருக்கு 'ஓட்டை'ன்னு வச்சிருந்தாங்க" என்றார் என்னிடம். ஆசிரியராவதற்கு முன் சில வருடம் ஒரு நகரத்தின் குடிநீர்ப் பிரிவில் இளநிலைப் பொறியாளராக இருந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த முதல் வேலை தொலைபேசியை எடுப்பது. தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்துவிட்டது, கலங்கலாக வருகிறது என்று நாளெல்லாம் வசவு கேட்பது. எந்தத் தெருவிலிருந்து புகார் குறைவோ அந்தத் தெருப் பொறியாளர் கெட்டிக்காரர் என்பது அந்த அலுவலகத்தின் கணக்கு. அதை அவர் மறக்கவேயில்லை. நல்ல குடிநீர்த் திட்டம் எது என்று கேட்டால், புகார் வராத திட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

அந்தப் பருவத்தில் துறைத்தலைவர் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு பாடத்தையாவது விளையாட்டாக நடத்த வேண்டும். விளையாட்டு, கல்லூரியின் கணினி அமைப்பில் ஓட வேண்டும். மதிப்பெண்ணை அந்த அமைப்பே போடும், சராசரியை அதுவே எடுக்கும், தேர்வெழுத யாருக்கு நுழைவுச்சீட்டு என்பதையும் அதுவே முடிவு செய்யும். எல்லோரும் அதை 'சிஸ்டம்' என்றார்கள். சிஸ்டம் சொல்லிச்சு, சிஸ்டம் ஒத்துக்கலை, சிஸ்டம் தூங்குது என்று வீட்டு மாமனாரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள்.

வாத்தியாருக்குக் கணினியில் யோசிக்க வராது. அதனால் முதலில் அட்டையில் ஓர் ஊரைக் கட்டினார். இருமல் மருந்துப் புட்டியின் மூடி தொட்டியானது, நீலக் கம்பளி நூல் குழாயானது. பள்ளத் தெரு, நடுத் தெரு, மேட்டுத் தெரு என்று மூன்று தெருக்கள். மேட்டுத் தெருவை இரண்டு தடித்த புத்தகங்களின் மேல் வைத்தார். விளையாட்டின் முடிச்சு அங்கேதான். மேட்டுக்குத் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் பம்பை வேகமாக ஓட்ட வேண்டும். வேகமாக ஓட்டினால் பள்ளத் தெருவின் பழைய குழாய் உடைந்துவிடும். உடையாமல் மெதுவாக ஓட்டினால் மேட்டில் காற்றுதான் வரும். எந்த வால்வை எப்போது திறப்பது, எதை மூடுவது என்று ஆடுபவர் ஒவ்வொரு சுற்றிலும் முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் வராத வீடு ஒவ்வொன்றுக்கும் சுற்றுக்கு ஒரு புகார். புகார் குறையக் குறைய மதிப்பெண் ஏறும். புகாருக்கு அடையாளம், மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த சிவப்புப் பொத்தான்.

ஆடிப் பார்க்க ஆள் வேண்டுமே. நாங்கள் இருவர்தான் கிடைத்தோம். அவர் மனைவி ஊர்மக்கள், நான் பொறியாளர்.

"ஹலோ, மேட்டுத் தெருவிலேர்ந்து பேசறேன்" என்று மனைவி காதில் கத்தரி உறையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "ஏம்மா, நீங்கல்லாம் தண்ணி குடிப்பீங்களா, இல்ல எங்களைப் பாத்துச் சிரிச்சே வயித்த ரொப்பிக்குவீங்களா? மூணு பிள்ளைங்க குளிக்காம பள்ளிக்கூடம் போகுது. வாத்தியார் மூக்கைப் பொத்திக்கறாராம்."

"பொத்தான் வை, பேச்சு வேணாம்" என்றார் வாத்தியார்.

"பேசாம எப்படிங்க புகார் சொல்றது?"

நான் மேட்டுக்குத் திறந்தேன், பள்ளத்தில் குழாய் உடைந்தது. பள்ளத்தைக் காப்பாற்றினேன், மேட்டில் பொத்தான் குவிந்தது. கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருந்த சிவப்புப் பொத்தான் எல்லாம் தீர்ந்துபோனது. ஆட்டம் முடிகிற வழியாகத் தெரியவில்லை.

"இப்படியே போனா ஒரு வகுப்பு நேரத்துல முடியாதே" என்று வாத்தியார் தலையைச் சொறிந்தார்.

மனைவிக்கு முதுகு வலித்தது, ஆட்டத்தை முடித்துவிட்டுச் சாய வேண்டும். "ஏங்க, மூணு சுத்தா தண்ணியே வரலைன்னா அந்த வீட்ல எவன் இருப்பான்? காலி பண்ணிட்டுப் போயிருப்பான். அந்த வீட்டைக் கவுத்து வச்சிட்டு வேலையப் பாருங்க."

நியாயமாகத்தான் பட்டது. அவருக்கும் பட்டது, எனக்கும் பட்டது. தொடர்ந்து மூன்று சுற்று தண்ணீர் வராத வீடு காலி. அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும், அதற்குமேல் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்த விதியையும் சேர்த்து எழுதிக் கல்லூரியின் கணினிப் பிரிவில் கொடுத்தார். அங்கிருந்த பெண் எழுதியதை எழுதியபடியே சிஸ்டத்தில் ஏற்றினார். ஒரு வாரத்தில் அட்டை ஊர் திரையில் வந்துவிட்டது. வீடுகளுக்குச் சன்னல் கூட இருந்தது.

மாணவர்கள் விளையாட ஆரம்பித்தார்கள். அவரவர் கணினியில் அவரவர் ஊர். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம், கடைசியாக ஆடியதற்கே மதிப்பெண். முதல் வாரம் வாத்தியார் வீட்டுக்கு வந்த கோலம் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு காலில் மட்டும் செருப்பைக் கழற்றியிருந்தார். மற்றதைக் கழற்ற மறந்து நடுவீட்டில் நின்றார்.

"கடைசி பெஞ்சு மூணு பேரும் முதல் இடம்" என்றார்.

"எந்த மூணு பேரு?" என்றார் மனைவி.

"பம்பை வரையச் சொன்னா டீக்கடை கெட்டிலை வரைஞ்சு வச்சானுங்களே, அவனுங்க. நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல. எனக்கே அவ்வளவு வரல. நான் நாலு தடவை ஆடியும் பாதி தாண்டல."

"பாத்து எழுதியிருப்பானுங்க."

"விளையாட்டை எப்படிம்மா பாத்து எழுதறது?" உட்கார்ந்தார், எழுந்தார். "இத்தனை வருஷமா நான்தான் கெட்டிக்காரனுங்களைக் கடைசி பெஞ்சுல உக்கார வச்சிருக்கேனோ?"

"நீங்க எங்க வச்சீங்க? அவனுங்களாத்தான் போய் உக்காந்தானுங்க. செருப்பைக் கழட்டுங்க முதல்ல."

மூவரையும் கூப்பிட்டு எப்படி ஆடினீர்கள் என்று கேட்டாராம். மூவரில் உயரமானவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்படியே மனசுல வந்துச்சு சார்" என்றானாம். வாத்தியார் அதை நம்பினார். மனதில் வருவது என்றால் என்ன, அதைப் பாடமாக நடத்த முடியுமா என்று இரண்டு நாள் எங்களைப் போட்டு வாட்டினார். மனைவியைக் கைத்தாங்கலாக நடக்கவைத்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து, "அக்கா, உங்க தொழில்ல இந்த மாதிரி மனசுல வர்றது உண்டா?" என்று கேட்டார். "உண்டு தம்பி. வழியை விட்டு நகருங்கன்னு இப்ப மனசுல வருது" என்றேன்.

அடுத்த வாரம் இன்னும் பத்துப் பேர் தொண்ணூறைத் தாண்டினார்கள். அதற்கடுத்த வாரம் கிட்டத்தட்ட வகுப்பே தாண்டியது. துறைத்தலைவர் சராசரியைப் பெரிய வரைபடமாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். விளையாட்டு வழியில் பாடம் நடத்துவதைப் பார்வையிட வெளியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது, அவர்களிடம் காட்ட இது போதும் என்று வாத்தியாரின் முதுகில் தட்டினார். தட்டிய இடத்தைத் தேய்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார் நம் ஆள். சந்தோஷப்பட வேண்டிய மனிதர், எதையோ தொலைத்தவர் மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதே மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வு வைத்துப் பார்த்தாராம். விடைத்தாள் வழக்கம்போலத்தான் இருந்ததாம். பம்பு கெட்டிலாகவே இருந்ததாம்.

வகுப்பில் ஒரே ஒருத்திக்கு மட்டும் விளையாட்டில் நாற்பதுதான். எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதுகிற பெண். அவளைப் பார்த்து வகுப்பே சிரித்தது, 'மேடு' என்று பட்டம் வைத்தது. ஏன் அந்தப் பெயர் என்று வாத்தியார் கேட்கவில்லை. பட்டப்பெயர் விஷயத்தில் விசாரணை கூடாது என்பது அவர் கொள்கை.

வினை எங்கிருந்து வந்தது என்றால், சிஸ்டத்தின் நுழைவுச்சீட்டு விதியிலிருந்து. வகுப்புச் சராசரியில் பாதிகூட எடுக்காதவர்களுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. மற்றவர்கள் எல்லாம் தொண்ணூறுக்கு மேல் ஏறிவிட்டதால் பாதி என்பதே நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்தப் பெண்ணின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. நாளை நண்பகலில் மதிப்பெண் பூட்டப்படும், நீ தேர்வு எழுத முடியாது. எழுதாவிட்டால் ஒரு வருடம் வீண். அடுத்த வருடம் படிக்க வைப்பார்களா என்பதும் அவளுக்கு நிச்சயமில்லை.

அன்று சாயங்காலம் அவள் வாத்தியாரைத் தேடி வீட்டுக்கே வந்தாள். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அழுகிற பெண்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். இவள் அழாமல் நின்றதுதான் சங்கடமாக இருந்தது.

"உள்ள வா பொண்ணே, கதவுல நின்னா கொசு வரும்" என்றார் வாத்தியாரின் மனைவி.

மேசையில் அந்த அட்டை ஊர் இன்னும் இருந்தது. அதை ஓரமாகத் தள்ளி மடிக்கணினிக்கு இடம் பண்ணினார் வாத்தியார்.

"உனக்கு மட்டும் ஏம்மா இவ்வளவு புகார்?"

"எல்லாரும் போன் பண்றாங்க சார்."

"அதான், ஏன்? மத்தவங்க ஊர்ல யாரும் பண்ணலையே."

"அங்க யாரும் இல்ல சார்."

"இல்லைன்னா?"

அவள் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தாள். இதைக் கூடவா தெரியாமல் இருக்கிறார்கள் என்கிற பார்வை. "மேட்டுத் தெருவே காலி சார். முதல் சுத்துலயே மேட்டு வால்வை மூடிடுவாங்க. மூணு சுத்துல எல்லா வீடும் கவுந்துடும். அப்புறம் போன் வராது. பம்பை மெதுவா ஓட்டலாம். பள்ளத்துல குழாய் உடையாது, கரண்டும் மிச்சம். கடைசி பெஞ்சுல கண்டுபிடிச்சாங்க. இப்ப எல்லாருக்கும் தெரியும்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்ப நீ ஏன் மூடல?"

"நானும் ஒரு தடவை மூடினேன் சார். எல்லாரும் போயிட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "எங்க போனாங்கன்னு தெரியல. பள்ளத் தெருவுக்குக் குடி வந்தாங்களான்னு பாத்தேன், அங்க ஒரு வீடும் கூடல. நடுத் தெருவுலயும் இல்ல. சிஸ்டத்துல இருக்கற எல்லாப் பக்கமும் தொறந்து பாத்துட்டேன். சரி, தண்ணி விட்டா திரும்பி வருவாங்களோன்னு விட்டுப் பாத்தேன். வரல. அதான் முதல்லேர்ந்து ஆரம்பிச்சு, ஒருத்தரும் போகாம பாத்துக்கறேன். அதனால எல்லாரும் இருக்காங்க, எல்லாரும் திட்டறாங்க." பிறகு கேட்டாள்: "விளையாட்டே அதுதான்னு நெனச்சேன். இல்லையா சார்?"

வாத்தியாரின் கை அட்டை ஊரின் மேல் போய்க் கவிழ்ந்து கிடந்த ஒரு வீட்டைத் தொட்டது, நிமிர்த்தவில்லை.

மனைவிதான் பேசினார். "அதெல்லாம் சரி பொண்ணே. இன்னும் நேரம் இருக்குல்ல? ஒரு தடவை அந்த வால்வை மூடிட்டு மார்க்கை வாங்கிக்கோ. அட்டை வீட்டுக்கா தாகம் எடுக்கப்போகுது?"

"மூடட்டுமா சார்?" என்று அந்தப் பெண் வாத்தியாரைக் கேட்டாள். விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. அவர் மூடு என்றால் அங்கேயே மூடியிருப்பாள். விரல் தயாராக இருந்தது.

அவர் மூடு என்றும் சொல்லவில்லை, மூடாதே என்றும் சொல்லவில்லை. கடைசியில், "நீ வீட்டுக்குப் போ. காலையில சொல்றேன்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. மருந்து கொடுக்கிறவர் கையில் கரண்டியை வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. ஆனால் அது என் வீடில்லை.

அவள் போன பிறகு கணினிப் பிரிவுப் பெண்ணைக் கூப்பிட்டார். கைப்பேசியை மேசையில் வைத்துப் பேசியதால் எங்களுக்கும் கேட்டது. "நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் சார் போட்டேன். 'காலியான வீட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.' உங்க கையெழுத்துதான். விதியை மாத்தணும்னா மாத்தலாம், அஞ்சு நிமிஷ வேலை. ஏற்கெனவே ஆடின எல்லா ஆட்டத்துக்கும் சிஸ்டம் புதுசா மார்க் போட்டுடும்."

அடுத்து துறைத்தலைவர்.

"ஒரு பொண்ணுக்காக மொத்த வகுப்பையும் கவுக்கப் போறீங்களா?" என்றது அந்தக் குரல். "குழு வர்ற நேரத்துல சராசரியைக் கெடுக்காதீங்க சார். சுவத்துல ஒட்டியிருக்கேன், பாத்தீங்கல்ல? அந்தப் பொண்ணை வால்வை மூடச் சொல்லுங்க, முடிஞ்சுது. விதிப்படிதானே ஆடறாங்க? விதி யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன?"

பேச்சு முடிந்தது. வாத்தியார் மனைவியைப் பார்த்தார். மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் சொன்னதுல என்ன தப்பு? தண்ணியில்லாத வீட்டைக் காலி பண்ணிட்டுத்தான் போவாங்க. போனவங்களை மறந்துடுங்கன்னு நானா சொன்னேன்?"

"கணக்குல எடுக்க வேணாம்னு நான்தான் எழுதினேன்" என்று அவர் முணுமுணுத்தார். பிறகு சம்பந்தமில்லாமல் ஒன்று சொன்னார். "அந்தக் காலத்துல எங்க ஆபீசுக்கு ஒரு தெருவிலேர்ந்து மட்டும் போனே வராது. ரயில்பாதைக்கு அந்தப் பக்கம். நல்ல தெரு, நல்ல ஜனங்கன்னு பேசிக்குவோம். ஏன் வரலைன்னு யாரும் போய்ப் பாத்ததில்ல."

"அங்க தண்ணி வந்துச்சா?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. அதான் சொல்றேனே, தெரியல."

சூப்பைக் கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை. பொத்தான்களைக் கொட்டிக் கணக்குப் போட ஆரம்பித்தார். அவர் பயம் வேறொன்று. விதியை மாற்றினால் மேட்டுத் தெருவைக் காலி செய்தவர்கள் எல்லாம் பத்து, பன்னிரண்டுக்கு விழுவார்கள். பிறகு அவர்கள் எல்லோருக்கும் நுழைவுச்சீட்டு போய்விடுமே? ஒருத்தியைக் காப்பாற்றப் போய் அத்தனை பேரையும் தெருவில் நிறுத்துவதா? மதிப்பெண்ணுக்குக் கறுப்புப் பொத்தான் என்று ஆளுக்கொரு சிறு குவியலாக வைத்தார். அந்தப் பெண்ணுக்கு மட்டும் பெரிய குவியல். எல்லாவற்றையும் சேர்த்தார், பிரித்தார், மறுபடி சேர்த்தார். திடீரென்று கையை நிறுத்தினார்.

"எல்லாரும் விழுந்தா சராசரியும் விழுந்துடும்" என்றார்.

"விழட்டும், அதுக்கு?" என்றார் மனைவி.

"சராசரியில பாதிதானே வேணும்? சராசரியே பன்னெண்டு, பதிமூணுன்னா, பாதி ஆறு. பத்து வாங்கினவனும் தாண்டிடுவான். ஒருத்தரும் வெளிய நிக்க மாட்டாங்க. எல்லாருக்கும் ஹால் டிக்கெட் வரும்."

"நல்லதுதானே. அப்ப சூப்பைக் குடிங்க."

"எப்படிம்மா நல்லது?" அவர் குரல் உயர்ந்தது. "எல்லாரும் நல்லா பண்ணா ஒருத்தி பரீட்சை எழுத முடியாதாம். எல்லாரும் மோசமா பண்ணா எல்லாரும் எழுதலாமாம். அப்ப இது எதைத்தான் அளக்குது? பாடம் புரிஞ்சுதான்னு பாக்கணும்னுதானே விளையாட்டு வச்சேன்? புரிஞ்சவ கடைசில நிக்கறா. அவளுக்கும் புரிஞ்சுதா, இல்ல எதையோ தேடிட்டிருந்தாளா, அதுவும் எனக்குத் தெரியல. அந்த மூணு பேரு முட்டாளா, கெட்டிக்காரனுங்களா? என் விதியில நான் பாக்காத ஓட்டையை ஒரே நாள்ல பாத்திருக்கானுங்களே!"

"ஓட்டைங்கறது உங்களுக்கு முன்னாடி இருந்தவர் பேரு. நீங்க வால்வு" என்றார் மனைவி.

அவர் சிரித்தார். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு. ஆறிப்போன சூப்பைக் குடித்தார். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை. விதியை மாற்றினால் மாணவர்களுக்கு நஷ்டமில்லை என்று தெரிந்துவிட்டது. நஷ்டம் சுவரில் ஒட்டிய படத்துக்கும், வருகிற குழுவுக்கு முன்னால் அவருக்கும்தான். துறைத்தலைவர் வேண்டாம் என்று வாய்விட்டே சொல்லியாகிவிட்டது. நான் மனைவிக்குப் படுக்கையைச் சரிசெய்து, காலுக்கு அடியில் தலையணை கொடுத்துவிட்டு என் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் போகும்போது அவர் சட்டை, பேண்ட் எல்லாம் போட்டு, கல்லூரிப் பையைத் தோளில் மாட்டி, மேசை முன்னால் நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் கணினிப் பிரிவுப் பெண்.

"எழுதிக்கங்கம்மா. காலியான வீடும் கணக்குல வரணும். ஒவ்வொரு சுத்துக்கும், கடைசி வரைக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புகார்."

"ஆளே இல்லாத வீட்லேர்ந்து யார் சார் புகார் பண்ணுவாங்க?"

"நான் பண்றேன்னு வச்சுக்கங்க. என் பேர்லயே போடுங்க."

"துறைத்தலைவர் கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. விதி என்னுதுன்னு அவரே சொல்லியிருக்காரு."

அந்தப் பெண் விசைகளைத் தட்டுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில், "போட்டாச்சு சார்" என்றார்.

முதல் அழைப்பு நான் மனைவிக்கு முகம் கழுவத் தண்ணீர் எடுத்துவருவதற்குள் வந்துவிட்டது. கடைசி பெஞ்சின் உயரமானவன். "சார், என் மார்க்கைக் காணோம் சார்! தொண்ணூத்தாறு இருந்துச்சு, இப்ப பதினொண்ணு காட்டுது!"

"மேட்டுத் தெருவுல எத்தனை வீடு இருந்துச்சு?"

"இருபது சார்."

"இப்ப?"

"அது வந்து சார்..." என்று பையன் இழுத்தான். "மத்தியானம் வரைக்கும் லேப் திறந்திருக்கும். வந்து மறுபடி ஆடு" என்று வைத்தார். அதற்குள் அடுத்தது, அதற்கடுத்தது. ஒருத்தி திட்டினாள், ஒருவன் கெஞ்சினான், ஒருவனுக்குப் பதில் அவன் அப்பாவே பேசினார். வாத்தியார் ஒன்றையும் விடாமல் எடுத்தார். அவசரமே இல்லாமல் எந்தத் தெரு, எத்தனை வீடு என்று கேட்டார். இளவயதில் அந்த அலுவலகத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் போல.

அவர் மனைவி சோபாவில் இருந்தபடியே தையல் பெட்டியை இழுத்து, அழைப்பு வர வர ஒவ்வொரு சிவப்புப் பொத்தானாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

நடுவில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. வாத்தியார் அதைப் படித்துவிட்டு எங்களிடம் காட்டினார். 'ஹால் டிக்கெட் வந்துடுச்சு சார். கவுந்த வீட்டுக்காரங்க எங்க போனாங்கன்னு இப்ப சிஸ்டத்துல தெரியுமா சார்?'

"தெரியுமா?" என்றார் மனைவி.

"தெரியாது. அதுக்கு விதி எழுதல." கட்டைவிரலால் பதில் தட்டினார், இன்னும் எனக்கும் தெரியலம்மா, வகுப்புக்கு வா என்று.

"இப்ப எல்லாம் சரியாயிடுச்சா தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. நேத்து சத்தமே இல்ல, இன்னிக்கு சத்தம் வருது. அவ்வளவுதான் தெரியுது."

மறுபடி கைப்பேசி அடித்தது. திரையில் துறைத்தலைவர். வாத்தியார் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, செருப்பு இரண்டையும் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று அதையும் எடுத்தார். "ஆமா சார். நான்தான் சார்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

மனைவி பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார். சிவப்பு தீர்ந்துவிட்டது. ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தார். நான் அவரை எழுப்பி நிறுத்தி, வாக்கரைக் கையில் கொடுத்தேன்.